காருக்குக் கால்படி வைத்த வைபவம்

கீழச்செங்குடி,
செவ்வாய்க்கிழமை, சாப்பாடு இறங்காத மதியம்.

மஸ்கட் மாநகரில் மேன்மையுடன் கொலுவீற்றிருக்கும் சிரஞ்சீவி மருமகன் சாமிதுரைக்கு, உன் தாய்மாமன் இராஜாங்கம் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நான், உன் அத்தை காத்தாயி, உன் அம்மா, புதிதாய்ப் பிறந்த கன்றுக்குட்டி உட்பட யாவரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அவ்விடம் நீ நலமாகத்தான் இருப்பாய். உன் காரை நீ இன்னும் பார்க்கவில்லை அல்லவா.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ, "மாமா, எதையும் தொடாதீங்க" என்பாய். தொட்டாயிற்று. அதனால்தான் கடிதம். இது கடல் கடந்து உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும்; நீ யோசனை சொல்லும் சிரமம் உனக்கு இராது.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். நாளைக் காலை மயிலாடுதுறையில் கோட்டாட்சியர் முன்னால் உன் அம்மா நேரில் ஆஜராக வேண்டும். மறைந்த உன் அப்பா வீரையன் மச்சான் நில உச்சவரம்புச் சட்டத்தில் வாங்கி, ஒரு வரப்பில் போலீசும் மறு வரப்பில் பண்ணை ஆட்களும் நிற்க, நடுவே குனிந்து நாற்று நட்ட அந்த வாய்க்காலோர நிலம் இன்று கம்ப்யூட்டர் பட்டாவில் பண்ணையார் பேரன் வைத்தியலிங்கத்தின் பெயரில் நிற்கிறது. அக்கா போகாவிட்டால் அவன் சொல்வதை மட்டும் கேட்டு உத்தரவு எழுதிவிடுவார்கள். அப்புறம் நம் நிலத்தில் நாம் நடுவதற்கு அவனிடம் போய்க் கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

போவதற்குத்தான் உன் கார் இருக்கிறதே, ஓட்ட நான் இருக்கிறேனே என்பாய். அது காரா மருமகனே? யானை. யானைக்காவது மண்டி போடத் தெரியும். போன வாரம் கும்பகோணத்து டாக்டரிடம் முழங்காலைக் காட்ட அக்காவை அதில் ஏற்றப் போய், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, கை இரண்டும் கதவில் என்று அவள் தொங்க, தெருவே கூடி இறக்கியது. "எனக்கு வலியே இல்லடா, ஆள விடு" என்று வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டாள். அன்றைக்கே முடிவெடுத்தேன், இந்த யானைக்கு ஒரு கால்படி வைப்பதென்று. கார் சாமான் கடையில் சைடு ஸ்டெப் என்று கேட்டால் தருகிறார்கள். கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாகப் படுத்திருக்கும் அலுமினியப் பலகை. கடைக்காரர், "வண்டிய விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் மாட்டித் தர்றோம்" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெள்ளத்தில் போன பம்புசெட் கொட்டகையைத் தனியொருவனாக நீந்திப் பிடித்துக்கொண்டு வந்து நட்டவன் நான். நானா ஒரு பலகைக்கு இன்னொருவன் கையை எதிர்பார்ப்பது?

அறுப்பு மெஷின் ஓட்டும் அய்யாக்கண்ணுவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குக் கல்லேற்றியபோதுகூட அவ்வளவு கூட்டம் நின்று யோசனை சொல்லியிருக்காது. கார் சாமான் என்றால் ஊரில் எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது, ஸ்பானர் பிடிக்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. "அண்ணே, இதுல எது இடது, எது வலது?" என்றான் அய்யாக்கண்ணு. "கார் எந்தப் பக்கம் பாக்குதோ அதுக்கு ஏத்த மாதிரிதாண்டா" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் புகுந்தேன். போல்ட்டு மாட்ட ஓட்டையே காணோம். கம்பெனிக்காரன் மறந்துவிட்டான் போல, பாவம் என்று டிரில்லிங் மெஷினை வாங்கி வந்து, உன் காரின் சட்டத்தில் நானே வரிசையாக ஓட்டை போட்டேன், பார்த்தால் நாதஸ்வரம் என்பாய். அப்புறம் கைகால் கழுவுகிற பைப்பைக் காருக்கு அடியிலும் பிடித்தால், அப்பியிருந்த வயல் சேறு கரைந்து, கம்பெனி போட்ட ஓட்டைகள் வரிசையாக என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன. அது போகட்டும். காற்றோட்டம் வண்டிக்கு நல்லது.

ஒருவழியாக மாட்டி முடித்து, வியர்வையைத் துடைத்து, வெற்றிலை போடப் போகும் நேரத்தில் உன் அத்தை வந்து குனிந்து பார்த்தாள். "ஏங்க, கால் வழுக்காம இருக்கத்தானே இந்த ரப்பர் வரி? அது ஏன் தரையப் பாத்துக்கிட்டு இருக்கு? பூமிக்குள்ளேருந்து யாராச்சும் ஏறப்போறாங்களா?" என்றாள். கூட்டம் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடமே விடுமுறை விட்டிருக்கும். கழற்றித் திருப்பி மாட்டினோம். இனிமேல் பூகம்பம் வந்தாலும் அசையக்கூடாது என்று ஸ்பானரில் இரும்புக் குழாயைச் சொருகி, நானும் அய்யாக்கண்ணுவும் தொங்கித் தொங்கி முறுக்கியதில் நட்டின் தலையெல்லாம் மழுங்கி உருண்டைச் சீடை ஆகிவிட்டது. ஆனால் படி உறுதி. நாங்கள் இருவரும் ஏறி நின்று குதித்துப் பார்த்தோம்.

இதுவரை நடந்ததெல்லாம் சாதனை. சோதனை இன்று காலைதான் ஆரம்பித்தது. படி என்றால் வாசற்படிதானே, வீட்டுக்கு நிலை வைக்கும்போது சும்மாவா வைக்கிறோம், அதுவும் பட்டா விஷயமாகப் போகிற வண்டிக்கு என்று எனக்குள் ஒரு பக்தி பொங்கிற்று. இரண்டு படிக்கும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, மாவிலை கட்டி, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்தேன். கும்பாபிஷேகம் தோற்றது போ. "அக்கா, நாளைக்குப் போறதுக்கு இப்பவே ஒருதரம் வலது கால வெச்சு ஏறிப் பாரு!" என்று கதவைத் திறந்தேன்.

உன் அம்மா வந்தாள். பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏறுக்கா."

"எதுலடா ஏறுறது? மஞ்சக் குங்குமம் வெச்ச படிய மிதிக்கச் சொல்றியா?"

"மிதிக்கத்தானேக்கா மாட்டினது!"

"வீட்டு வாசப்படிய மிதிச்சா ஏறுற? தாண்டித்தானே போற?"

நான் ஆடிப்போனேன். மருமகனே, நீ படித்தவன், நீயே யோசித்துப் பார். தாண்ட முடிந்தால் அவளுக்குப் படியே தேவையில்லை. படியில்லாத காலத்தில் ஒரு கால் வீச்சில் ஏற வேண்டியிருந்த கார், இப்போது படி ஒரு முழம் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் இரண்டு கால் வீச்சு தூரத்துக்குப் போய்விட்டது. காரை நான் கிட்டத்தில் கொண்டுவரவில்லை. மஸ்கட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

மஞ்சளைக் கழுவிவிடலாம் என்று வாளியைத் தூக்கினேன். உன் அத்தை வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். "நாளைக்கு நெலத்து விஷயமாப் போவயில, வெச்ச குங்குமத்த நம்ம கையாலயே அழிக்கிறதா? ஒங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" படியையே கழற்றிவிடலாம் என்றால் நட்டு சீடையாகிவிட்டது. முக்காலி போட்டுப் பார்த்தோம், படி இடிக்கிறது. அறுப்பு மெஷினை லாரியில் ஏற்றுகிற பலகையை அய்யாக்கண்ணு இழுத்துக்கொண்டு வந்தான். "என்னய என்ன சந்தைக்கா ஓட்டிக்கிட்டுப் போறீங்க?" என்று அக்கா கேட்ட கேள்வியில் பலகையோடு அப்படியே திரும்பிப் போனான், இன்னும் திரும்பி வரவில்லை.

இப்போது உன் அம்மா உள்ளே கால் நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாள். நான் காரைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். நாளைக்கு அங்கே அவள் பெயரைக் கூப்பிடுவார்கள். வைத்தியலிங்கம் வக்கீலோடு எழுந்து நிற்பான். நம் பக்கம் நாற்காலி காலியாக இருக்கும். மச்சான் சேற்றில் நின்று வாங்கிய நிலம், அவர் மைத்துனன் வைத்த குங்குமத்தால் போயிற்று என்று ஊர் சொல்லும். சொல்லட்டும், அது பொய்யும் இல்லை. எதற்கும் இன்னொரு தேங்காய் உடைக்கலாமா என்று பார்க்கிறேன்.

வெயிலில் அலையாதே. தலைக்கு எண்ணெய் வை. காரைப் பற்றி யாராவது உன்னிடம் போனில் சொன்னால் நம்பாதே, இந்தக் கடிதத்தையும் சேர்த்து.

சகல சம்பத்தும் பெற்று, சொந்த வயலில் நின்று நீ நெல் அளக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
கலங்கிய நெஞ்சுடைய மாமன்,
இராஜாங்கம்.

பின்குறிப்பு: புதன்கிழமை சாயங்காலம். கடிதத்தை ஒட்டுவதற்குள் எல்லாம் தலைகீழ். விடிந்து பார்த்தால் அக்காவைக் காணோம். நான் வாய்க்கால், வயல் என்று தேடி, வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டிருக்க, மத்தியானம் வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டே வந்து இறங்கினாள். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் தனியாக மயிலாடுதுறை போய் ஆஜராகி, மச்சான் நாற்று நட்ட கதையை நிறுத்தாமல் சொன்னாளாம்; கோட்டாட்சியர் அம்மா அதைக் கேட்டுவிட்டு, பட்டாவில் உங்கள் பேரையே ஏற்றச் சொல்லி உத்தரவு போடுகிறேன் என்று சொல்லிவிட்டார்களாம். எனக்கு ஆனந்தத்தில் அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. "ஏங்க்கா, அந்த பஸ்ஸுப் படி இந்தக் காரைவிட ஒசரமாச்சே, அதுல எப்படி ஏறினே?" என்றேன்.

"ஏறுறதுல எனக்கு என்னடா கஷ்டம்? நீ ஓட்டுற வண்டியில ஏறுறதுதான் பயமா இருந்துச்சு" என்றாள்.