ரசீத் கேளாப்பாட்டுக் கொணர்ந்த படலம்

மேலப்பாளையத்துச் சந்தைக்கு மேலே வானளாவ எழுந்து, மேகம் கூடினால் ஒரு சிக்னல் கோடும் மேகம் கலைந்தால் இரண்டு கோடுமாக அருள்சுரக்கும் கைபேசிக் கோபுரமே, இக்காதை நடுவில் அறுந்துவிடாமல் ஓட நீயே துணை. செவியிரண்டிலும் கருங்குமிழ் செருகிய செம்மல், அடுத்த அறையிலிருந்து மனைவி அழைத்தால் கேளாதவன், அட்லாண்டிக்குக்கு அப்பால் எவனோ தந்தியை மீட்டினால் துள்ளி எழுபவன், திருநெல்வேலி ஜங்ஷனிலே மூக்குக்கண்ணாடிக் கடை கண்டு மாந்தர்தம் மங்கிய பார்வைக்கு ஒளி வழங்கும் வள்ளல், சபீதா மணாளன் ரசீத் வாழ்க, அவன் டேட்டா வாழ்க, அது நாள்தோறும் மதியத்துக்குள் தீர்ந்துபோனாலும் வாழ்க. இவனுக்குப் பாட வராது. வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. கேட்பான், அவ்வளவுதான்.

தண்பொருநை நன்னாட்டில் 'இசைப் பொருநை' என்றொரு வாட்ஸாப் குழு உண்டு. பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை நடத்தும் குமரகுருபரன் அண்ணாச்சி அதனை நிறுவி, மன்னர்களும் மலைத்துப்போகும்படி ஒரு சட்டத்தையும் இயற்றினார். ஒருவர் தாம் கண்டெடுத்த பாட்டை இடலாம். ஆனால் அதை முன்பே கேட்ட ஒருவர் குழுவில் இருந்து, 'கேட்டாச்சு' என்று ஒற்றைச் சொல்லை வீசினால், அந்தப் பாட்டு அக்கணமே மாண்டதாகும். இட்டவரே தம் கையால் அதை அழித்துவிட வேண்டும். சாட்சி கிடையாது, விசாரணை கிடையாது. "பாட்டு கேக்கவன் பொய் சொல்ல மாட்டான் வே" என்று அண்ணாச்சி அவ்வப்போது பிரகடனம் செய்வார். நல்ல மனுஷன், பாவம்.

அக்குழுவிலேதான் வீற்றிருந்தான் கார்முகில் நிறத்து ஹெட்போன் பூண்ட காளை, பேட்டை டைல்ஸ் கடை மேலாளன், உலகத்துப் பாட்டு அத்தனையையும் தாய் வயிற்றிலேயே கேட்டு முடித்துவிட்டுப் பிறந்த தேவேந்திரன். மாலி நாட்டுப் பாலைவனத்திலிருந்து ரசீத் ஒரு நரம்பிசையை இழுத்து வந்தான், கேட்டாச்சு. மங்கோலியப் புல்வெளியில் தொண்டையாலேயே இரண்டு குரல் எழுப்பும் குதிரைக்காரனைப் பிடித்து வந்தான், கேட்டாச்சு. ஆர்மீனியத் தாலாட்டு ஒன்றை, பாதி உலகம் தூங்கிவிடும் நீளமுள்ளதை, கண்ணும் கருத்துமாகத் தேடி இட்டபோது, அது தரவிறங்கி முடிவதற்குள்ளாகவே வந்து விழுந்தது விடை: "கேட்டாச்சு வே. போன வருசமே." நம் தலைவன் தன் தாலாட்டைத் தானே அழித்தான். கடைக்கு வந்தவருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடிக்குப் பதில் தூரப்பார்வைக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தான்.

அவன் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பட்டம் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். 'இது எனக்குத் தெரியாது' என்று தேவேந்திரன் ஒரு தடவை எழுதினால் போதும். அதற்காகத்தான் சோறு ஆறிப்போகக் கிடந்தான், கல்யாண வீடுகளில் ஓரமாய் நின்று காதைப் பொத்திக்கொண்டான், சொந்த மைத்துனன் பெயரை மறந்துபோனான். அந்த ஒரு வரி மட்டும் வரவேயில்லை.

இவ்வாறிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை காலை, மேலப்பாளையத்து வீட்டின் அடுக்களையிலே அப்பேரொலி எழுந்தது. பேரிங் தேய்ந்த வெட் கிரைண்டர், தன் கருங்கல் வயிற்றுக்குள் அரிசியும் உளுந்தும் கலங்க, யானைக்குப் பல்வலி வந்தாற்போல் கறமுறவென முனகி, இடையிடையே திக்கி, திக்கிய இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுச் சுழன்றது. அடுப்பில் குக்கர் அதற்கு இசைவாக நெடுங்குரல் எடுத்தது. ரசீத் சிலையானான். பொய்யனைப் பொய்யால் பிடிக்கும் வழி அவன் புத்தியில் பளிச்சென்று தெரிந்தது. உடனே கைபேசியை உருவிக் கிரைண்டரின் மேல் நீட்டினான்.

"இங்கன என்ன செய்யுதிய? கிரைண்டரயே இப்பிடி உத்துப் பாக்கிய?" என்றாள் சபீதா.

"பைய பேசு. பதியுது" என்றான் தலைவன்.

கடைக்குப் போய் அமர்ந்ததும், ஒலியின் இரு முனைகளையும் சீராக வெட்டி, குழுவிலே இவ்வாறு பிரகடனம் செய்தான்: "ஓலாஃப் ஸ்டென்வார். ஐஸ்லாந்துக்காரர். பனிப்பாறையின் மூச்சு என்ற தொகுப்பு. கேசட்டாக மட்டும் வந்தது, நெட்டில் எங்கே தேடினாலும் கிடைக்காது." அப்படியொரு மனிதன் ஐஸ்லாந்தில் மட்டுமல்ல, அகில உலகத்திலேயே பிறந்ததில்லை. விரித்த வலை விரித்தபடியிருக்க, வேங்கை தானாகவே நடந்து வந்து நடுவில் சம்மணம் போட்டு அமர்ந்தது.

"கேட்டாச்சு வே. கேசட்டே நம்மகிட்ட இருக்கு. இதவிட அவரோட ரெண்டாவது கேசட்டுதான் டாப்பு."

ஆகா, ரசீத்தின் கட்டைவிரல் அப்போது பூண்ட கோலத்தை என்னென்பது. 'ஏலே தேவேந்திரா, அது எங்க வீட்டு கிரைண்டரு சத்தம்லே' என்று, இத்தனை காலம் மாண்ட பாட்டுகள் அனைத்தின் பழியும் திரண்ட பாணமாய் ஒரு வரியைத் தட்டி, அனுப்பும் பொத்தான்மேல் விரலை ஓங்கினான். ஓங்கிய கணத்தில் அண்ணாச்சியின் செய்தி வந்தது: "தேவேந்திரன் கேட்டிருந்தா கேட்டிருக்கட்டும். விதிய இன்னைக்கு ஒருநா ஒதுக்கி வைக்கேன். ரசீத்து, கண்ணு கலங்கிட்டு வே." பின்னாலேயே சாத்தான்குளத்து முத்துராணி டீச்சர் எழுதினார்: "நடுவுல ஒரு குழல் வருதுல்லா, அந்த எடத்துல மனசு என்னமோ செய்யுது. ஒங்க ரசனையே தனி சார்." குக்கர் விசிலுக்குச் சிவப்பு இதயங்கள் குவிந்தன. குலசேகரன்பட்டினத்து உறுப்பினர் ஒருவர் அதை ரிங்டோனாகவே வைத்துவிட்டார்.

ரசனையே தனி. அந்தச் சொல்லுக்காக ஒருவன் எதைத்தான் விட்டுக்கொடுக்கமாட்டான்? பகைவனின் கழுத்து கைக்குள் இருக்கிறது. நெரித்தால் கூடவே தன் முதல் புகழும் செத்துப்போகும். மாவீரன் ரசீத் ஓங்கிய பாணத்தை எழுத்து எழுத்தாக அழித்தான். பிறகு, முகத்தில் வெட்கம் சிறிதும் இன்றி எழுதினான்: "நன்றி. இவரத் தேடிப் பிடிக்க வருசக்கணக்காச்சு."

"அப்ப அந்த ரெண்டாவது கேசட்டயும் போடும் தேவேந்திரன்" என்றார் அண்ணாச்சி.

பேட்டைக் காளை, "நம்ம பிளேயரு ரிப்பேரு அண்ணாச்சி. ரசீத்துகிட்டயும் இருக்கு, அவரு போடுவாரு" என்று எழுதியது. கேளாததைக் கேட்டவனும் இல்லாததைப் படைத்தவனும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க முடியாத உறவுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். "சாயங்காலம் போடுதேன்" என்றான் ரசீத்.

சொன்ன சொல் காக்கும் சுந்தரன், வீட்டுக்குப் போன் போட்டு அரிசி ஊறவைக்கச் சொன்னான். கல்யாணமான நாள்முதல் அரிசியைப் பற்றி அவன் வாய் திறந்ததில்லை. சபீதாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் கடையின் ஷட்டரை இழுத்து, ஆற்றுப் பாலத்து நெரிசலைப் பிளந்து, கொக்கிரகுளத்துச் சிக்னலை மதியாது, ஸ்கூட்டி எனும் புரவியேறி மேலப்பாளையம் புகுந்து, செருப்பையும் கழற்றாது அடுக்களை நுழைந்து, குக்கரை அடுப்பேற்றி, ஊறிய அரிசியைக் கிரைண்டரில் கொட்டி, வலக்கரத்தில் கைபேசி ஏந்தி, இடக்கரத்தால் சுவிட்சைத் தட்டி, ஐஸ்லாந்தின் இரண்டாவது கேசட் பிறக்கும் அப்புண்ணிய ஒலிக்காக மூச்சடக்கிச் செவிசாய்த்தான்.

கல் சுற்றியது. ஒரு முனகல் இல்லை.

"காலைல அதயே பாத்துட்டு நின்னியல்லா, மனசுக்குச் சங்கடமா இருந்துச்சு" என்றாள் சபீதா.

எலக்ட்ரீசியன் இஸ்ரவேல் மத்தியானமே வந்து பேரிங்கை மாற்றிவிட்டுப் போயிருந்தார்.