காயில்காரரும் சத்தமில்லாத தின்பண்டங்களும்

ஒரு ராகத்தைக்கூட அடையாளம் காணத் தெரியாமல், சங்கீதத்துக்காக ஒரு மெட்டடார் வேனையே தேய்த்துத் தீர்த்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் கோயமுத்தூர் கணபதியில், எங்கள் வீதிக்கோடியில், பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். பெயர் என்னவோ இருந்திருக்கும். அவருடைய ரேஷன் கார்டைப் பார்த்தவர்களைத்தான் கேட்க வேண்டும். எங்களுக்கு அவர் காயில்காரர். எங்கள் பிள்ளைகளுக்குக் காயில் மாமா.

வாரம் முழுக்க எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப்போட்டுச் செம்புக் கம்பி சுற்றுவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வேனிலிருந்து மோட்டார்களை இறக்கிவிட்டு வீதிப் பிள்ளைகளை ஏற்றுவார். சபாவோ கோயிலோ கல்யாண மண்டபமோ, எங்கே கச்சேரி என்றாலும் வேன் போய் நிற்கும். கல்யாணத்துக்கு அழைப்பு வந்ததா என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பாடுகிறவருக்குக் கேட்க ஆள் வேண்டாமா, நாம் என்ன பந்திக்கா போகிறோம் என்பார். பந்திக்கும் போவார்கள் என்பது வேறு விஷயம்.

மேடைக்கு முன்னால், முதல் வரிசை நாற்காலிகளுக்கும் முன்னால், ஒரு பவானி ஜமுக்காளத்தை விரித்துப் பிள்ளைகளை உட்கார வைப்பார். நாற்காலிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவர் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தானும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்துகொள்வார்.

எங்கள் வீட்டுக்கு அவர் முதல் தடவை வந்தபோது என் மகள் கார்த்திகாவுக்கு ஐந்து வயது. நாற்பதை நெருங்கும்போது பிறந்த ஒரே பிள்ளை. அவள் தும்மினால் நான் வங்கிக்கு லீவு போடுவேன். காயில்காரர் கையில் கிரீஸோடு வாசலில் நின்றார்.

“ஏனுங்க அம்மணி, பாப்பாவைக் கச்சேரிக்கு அனுப்பறீங்களா?”

சின்னப் பிள்ளை, அரை மணி நேரத்தில் தூங்கிவிடுவாள் என்றேன்.

“தூங்கத்தானுங்க கூட்டிட்டுப் போறேன்.”

அவருடைய சித்தாந்தமே அதுதான். பிள்ளைகளுக்குச் சங்கீதத்தை விளக்கக் கூடாது. அதற்குப் பக்கத்தில் தூங்க வைக்க வேண்டும். அப்படியானால் வீட்டில் கேசட் போட்டால் போதாதா என்று கேட்டேன். ரொம்ப வருத்தத்தோடு என்னைப் பார்த்தார்.

“கேசட்டு மூச்சு உடாதுங்க அம்மணி. ஆளு பாடுனா நடுவுல மூச்சு உடறது கேக்கும். அதைக் கேட்டாத்தான் பக்கத்துல யாரோ இருக்காங்கன்னு புள்ளைக்குத் தூக்கம் வரும்.”

நான் பட்டதாரி. இருந்தும் அந்த மூச்சுக் கணக்கை நம்பி அனுப்பினேன். ஆனால் தனியாக அனுப்பவில்லை. மாற்று உடுப்பு, காய்ச்சல் மருந்து, தண்ணீர் பாட்டிலோடு நானும் வேனில் ஏறிக்கொண்டேன்.

அங்கேதான் தின்பண்ட விவகாரம் தெரிந்தது. பிள்ளைகள் கச்சேரியில் சாப்பிடலாம், ஆனால் சத்தம் வரக் கூடாது. அதற்காக அவர் வீட்டில் ஆராய்ச்சியே நடத்தியிருந்தார். மனைவியை ஒவ்வொரு பண்டமாகக் கடிக்கச் சொல்லிவிட்டு, இவர் கூடத்தின் இன்னொரு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்பாராம். அந்த அம்மாள் இதை என்னிடம் சொல்லும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தார். முறுக்கு, தட்டுவடை, நிலக்கடலை மூன்றுக்கும் தடை. தேங்காய் பன்னுக்கும் வாழைப்பழத்துக்கும் அனுமதி. பஞ்சுமிட்டாய்க்கு முதல் மரியாதை. ஒரு தடவை என் கைப்பையில் முறுக்கு இருப்பதைக் கண்டுபிடித்து, கச்சேரி முடியும்வரை பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

இது என்ன ராகம் என்று ஏதாவது வாண்டு கேட்டால் யோசிக்கவே மாட்டார். வாயில் வந்த பெயரைச் சொல்லிவிடுவார். ஒரு நாள் வரிசையாக வந்த பாட்டுகளுக்கெல்லாம் கல்யாணி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த பெரியவர் பொறுக்க முடியாமல் குனிந்து திருத்தினார். “அப்படீங்களா? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா நல்லாருக்குதல்லங்க?” என்றார் காயில்காரர். நல்லா இல்லை என்று அந்தப் பெரியவரால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு நாள் பாடகர் கண்ணை மூடி, முகத்தைச் சுருக்கி, மேல் ஸ்தாயியில் நின்றுகொண்டிருந்தார். மண்டபமே மூச்சைப் பிடித்திருந்தது. ஜமுக்காளத்திலிருந்து ஒரு குரல்: “மாமா, அந்தத் தாத்தாவுக்கு வயிறு வலிக்குதா?” பாடகருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சபா செயலாளருக்கு வரவில்லை. கச்சேரி முடிந்ததும் கட்டுப்பாடு பற்றி நீளமாகப் பேசினார். காயில்காரர் கைகட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் பிள்ளைகளைச் சேர்த்து ஏற்றினார். ஆனால் அன்றுமுதல் ஒரு சட்டம் வந்தது: பாட்டு நடக்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. வீடு தீப்பிடித்தாலும் பாட்டு முடிந்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

வேன் கிளம்புமுன் சட்டங்களை ஒருமுறை ஒப்பிப்பார். கடைசியில் வருவது இது: “தொலைஞ்சு போனா ஆளைத் தேடப்படாது கண்ணுகளா. ஆளு அக்கட்டயும் இக்கட்டயும் நடந்துட்டே இருப்பாங்க. தம்புரா எங்கயும் போகாது. நேரா அதுகிட்டப் போய் உக்காந்துக்கோணும்.” நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வேன்.

பிறகு கொடுமுடி வந்தது.

காவிரிக்கரையில் கோயில் விழா, வெளியே பந்தல், பந்தலில் கச்சேரி. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றார் என் கணவர். கார்த்திகா அழுதாள், போனோம். வெயில் தாழ்ந்திருந்தது. கூட்டம் பந்தலைத் தாண்டி வழிந்தது. அவள் பஞ்சுமிட்டாய் கேட்டாள். கூட்டிக்கொண்டு போனேன். பர்ஸைத் திறக்க அவள் கையை விட்டேன். பஞ்சுமிட்டாயை வாங்கித் திரும்பிக் கையை நீட்டினேன். பிடிக்க அங்கே கை இல்லை.

கூப்பிட்டேன். என் குரலைவிட ஒலிபெருக்கி பெரிதாக இருந்தது. ஜமுக்காளத்துக்கு ஓடினேன். அங்கேயும் அவள் இல்லை. காயில்காரர் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பிள்ளைகளிடம் ஜமுக்காளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் கடைவீதிப் பக்கம் ஓடினார். நான் ஆற்றுக்கு ஓடினேன்.

ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் மஞ்சள் கவுன் என்று மட்டும் சொல்ல முடிந்தது. “மஞ்சக் கவுனுங்களா? இப்பத்தான் ஒரு புள்ள அந்தக் கடைசிப் படிக்குப் போச்சுங்க” என்றாள். கடைசிப் படியில் யாரும் இல்லை. இதை எழுதும்போதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதும் பெண்ணை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்கிறேன்.

படித்துறைவரை ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். ஆலாபனை கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது. கச்சேரியை எதற்காக நடுவில் நிறுத்துவார்கள்? எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மேடையில் நடந்தது இது. ஆலாபனைக்கு நடுவில் யாராவது எழுந்து போனால்கூட முறைக்கும் காயில்காரர், வெறுங்காலோடு மேடையேறி, பாடகருக்கு முன்னாலிருந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். கூட்டம் எழுந்து சத்தம் போட்டது. அறிவிப்பதற்காக வாயைத் திறந்தவர், பாடகரின் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

ஒலிபெருக்கியில் ஒரு மூச்சு கேட்டது. பிறகு அவர் குரல்.

“அம்மணி, கார்த்திகா இங்க மேடைல இருக்குதுங்க. தம்புராகிட்ட. தூங்குது.” பிறகு கூட்டத்திடம்: “யாரும் சத்தம் போட்டு எழுப்பிப்போடாதீங்க. ஐயா, நீங்க பாடுங்க.”

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. தம்புரா போட்டுக்கொண்டிருந்த அம்மாளின் மடியில் தலைவைத்துக் கார்த்திகா தூங்கிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் ஜமுக்காளம் தெரியவில்லையாம்; தம்புரா மட்டும் உயரமாகத் தெரிந்ததாம். படித்துறைக்குப் போன மஞ்சள் கவுன் வேறு யாரோ வீட்டுப் பிள்ளை. அந்த அம்மாளுக்குக் கையை நிறுத்தவும் முடியவில்லை, வாய்திறந்து கேட்கவும் முடியவில்லை. விழாக்காரர்கள் வீட்டுப் பிள்ளை என்று நினைத்து முந்தானையை மட்டும் போர்த்திவிட்டார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஓடிக்கொண்டிருந்த நாங்கள் இரண்டு பேர்தான் பார்க்கவில்லை.

ஜமுக்காளப் பிள்ளைகளும் அவள் மேடையேறியதைப் பார்த்திருந்தார்கள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். ஒரு பையன் வாயைப் பொத்திக்கொண்டு மேடையைக் காட்டினான். பாட்டு இன்னும் முடியவில்லை.

பாடகர் விட்ட இடத்திலிருந்து, குரலைத் தாழ்த்தி, தாலாட்டுப்போல எடுத்தார். காயில்காரர் ஜமுக்காளத்தில் வந்து விழுந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் என் கைப்பையைப் பிரித்து அதிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை அவரிடம் நீட்டினேன். எடுத்துக் கடித்தார். ஒன்றன்பின் ஒன்றாக, நொறுக் நொறுக்கென்று, ஆலாபனை முழுக்க. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் திகைத்துப்போய்ப் பார்த்தார்கள். முதல் வரிசைக்காரர்கள் பின்னாலிருந்து எட்டி எட்டி முறைத்தார்கள். அவருக்கு எதுவுமே கேட்கவில்லை.

இனி அந்த வேனில் யாரும் ஏறப்போவதில்லை என்றார் கணவர். அடுத்த ஞாயிறு வீதியில் ஹாரன் கேட்டபோது கார்த்திகாவுக்கு முன்னால் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது நாங்கள் வேறு பகுதிக்கு வீடு மாறிவிட்டோம். எந்தக் கச்சேரிக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது தம்புராவை. அது இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மூச்சு ஒழுங்காக வரும். அடுத்து முன்வரிசையைப் பார்ப்பேன். ஜமுக்காளம் விரித்திருந்தால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காயில்காரர் மடியில் வைப்பேன். முறுக்குதான். கடிக்க மாட்டார். பாட்டு முடியும்வரை அதன்மேல் கையை வைத்துக்கொண்டே கேட்பார்.