காந்தம் ஒட்டாத கார்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே பழைய மரக்கிடங்கின் வாசலில் கார்கள் வரிசை கட்டி நின்றன. மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் இடத்தில்கூட அவ்வளவு பொறுமையான வரிசையைப் பார்க்க முடியாது. எஞ்சின் இருமினாலும் வந்தார்கள், கதவு முனகினாலும் வந்தார்கள். ஒருவர், தன் கார் மூன்று வருஷமாக ஒரு தொந்தரவும் தரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது என்று வந்திருந்தார்.

உள்ளே காந்தானந்தர் வீற்றிருந்தார். வாகனங்களுக்கு நாடி பார்ப்பவர். பட்டுத் துணியில் சுற்றிய லாடக் காந்தம்தான் அவருடைய ஞானக்கண். அதைக் காரின் உடம்பில் வைப்பார். ‘டப்’பென்று ஒட்டிக்கொண்டால் உயிர் இருக்கிறது. வழுக்கி விழுந்தால், கண்ணேறு பட்டு அந்த இடம் செத்துவிட்டது. எங்கேயோ இடித்து நசுக்கி, பட்டி பூசி மறைத்த கதவில் காந்தம் தவறாமல் விழும். இந்தக் கதவுக்கு ஒரு கெட்ட காலம் வந்து போயிருக்கிறது என்பார். உரிமையாளர் மெய்சிலிர்த்துப் போவார். இடித்தது அவர்தான். பட்டி பூசச் சொன்னதும் அவர்தான். ஆனாலும் காந்தம் சொன்னால்தான் அவருக்குச் செய்தி.

இந்த வரிசையில்தான் ஓய்வுபெற்ற சர்வேயர், முதுகை அளவுகோலாக நிமிர்த்திக்கொண்டு, தம் அப்பா வாங்கிய காரில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தாறு வருஷம் நிலம் அளந்தவர். ஒரு சாண் தப்பாக அளந்தார் என்று எவரும் சொன்னதில்லை. அந்தக் காரைப் பற்றி அப்பா ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்: இது துருப்பிடிக்காத இரும்பு. நாற்பது வருஷமாக ஒரு பொட்டுத் துருவும் இல்லை. மற்றவர்கள் வீட்டுக் கார் துருப்பிடித்தால் அது வளர்ப்பு சரியில்லாததால் என்பது சர்வேயரின் முடிவு.

ஓய்வு பெற்ற அன்று, குடும்பப் பெயர் பொறித்த பித்தளைப் பலகை ஒன்றைக் காரின் முன்மூடியில் தம் கையாலேயே நான்கு திருகாணி போட்டு முடுக்கினார். தெருவில் போகிறவர்கள் வண்டிக்கு முன்பாகப் பெயரைப் பார்க்க வேண்டுமல்லவா? அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பலகையின் ஓரத்தில் பெயின்ட் பட்டாணி பட்டாணியாகக் கொப்புளித்தது. பரம்பரைக் காருக்கு அம்மை போட்டது போல் இருந்தது. பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் கண்டவன் சுரண்டும் வண்டியா அது? காந்தானந்தரிடம் கொண்டுபோனார்.

காந்தம் முன்மூடியில் விழுந்தது. கதவில் விழுந்தது. பின்பெட்டியில் விழுந்தது. இப்படி முழுசாகச் செத்த காரைத் தாம் பார்த்ததே இல்லை என்று காந்தானந்தர் தழுதழுத்தார். அந்தச் செத்த கார் அன்று காலை பதினெட்டு கிலோமீட்டர் ஓடி வந்திருந்தது என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

பரிகாரம் சுலபம். கொப்புளத்தின் பக்கத்தில் மந்திரித்த செப்புத் தகடு ஒன்றைத் திருகாணி போட்டுப் பொருத்த வேண்டும். தினமும் காலையில் கடல் தீர்த்தம் தெளிக்க வேண்டும். சர்வேயர் எதையும் அரைகுறையாகச் செய்பவர் இல்லை. சரியாக ஏழு மணிக்கு, அளவுக் குவளையில் அளந்து தெளித்தார். இரண்டே மாதத்தில் தகட்டைச் சுற்றிப் புதுக் கொப்புளங்கள் கிளம்பின. விஷம் வெளியே வருகிறது, நல்ல அறிகுறி என்று அதன் பக்கத்தில் இன்னொரு தகடு. அதைச் சுற்றியும் கொப்புளம். இப்படியே பதினோரு தகடுகள் ஏறின. கார், போருக்கே போகாமல் பதக்கம் வாங்கிய தளபதியைப் போல் நின்றது.

பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்து, அடியில் வெள்ளைப் பொடி பூத்தபோது காந்தானந்தருக்கே சங்கடமாகிவிட்டது. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தது என்று கேட்டார்.

மருமகள் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பாத்திரக் கடையில் விற்பனைப் பிரிவில் இருப்பவள். கொப்புளம் அவள் வருவதற்கு முன்பே வந்துவிட்டதே என்று சர்வேயர் நியாயமாகத்தான் கேட்டார். கண்ணேறு முன்பதிவு செய்துவிட்டுத்தான் வரும் என்று பதில் வந்தது. தீர்ப்பும் கூடவே வந்தது. அவள் அந்தக் காரில் ஏறக் கூடாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, எல்லார் முன்னாலும் காரின் மேல் கை வைத்து அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். சர்வேயர் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் பூகம்பம். மன்னிப்பு என்று ஒன்று நடந்தால் திங்கட்கிழமையே தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவோம் என்று மகன் சொல்லிவிட்டான். மனைவி இவரோடு பேசுவதை நிறுத்தி, சாப்பாடு தயார் என்பதைச் சுவரிடம் சொல்ல ஆரம்பித்தாள். சர்வேயர் இரவும் பகலும் நிமிர்ந்தே இருந்தார். கொடுத்த வாக்கை மாற்றினால் குடும்பத்துக்குக் கேவலம். மகன் வீட்டைவிட்டுப் போனாலும் கேவலம். எந்தக் கேவலம் சிறியது என்று அவரால் அளக்க முடியவில்லை.

மருமகள் மட்டும் அமைதியாக இருந்தாள். “மன்னிப்புதானே மாமா, கேட்டுட்டாப் போச்சு” என்றாள். அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பேருந்தில் வந்து இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை. கூட்டம் வழி விட்டது. காரின் முன்னால் போய் நின்றவள், பையிலிருந்து விலை அட்டைகூடப் பிரிக்காத ஒரு பாத்திரத்தை எடுத்தாள்.

“மன்னிப்பு கேக்கறேன் ஐயா. அதுக்கு முன்னாடி இதுக்கும் கொஞ்சம் நாடி பாத்துடுங்க.”

கூட்டம் பார்க்கிறதே என்று காந்தானந்தர் காந்தத்தை வைத்தார். அது வழுக்கி அவர் கால் பெருவிரலில் விழுந்தது.

“பொறந்து ரெண்டு நாள்தான் ஆச்சு, பாவம்” என்றாள். “அலுமினியத்துல காந்தம் எப்பவுமே ஒட்டாது ஐயா. கரண்ட் அடுப்புக்கு ஆகுமான்னு பாக்க எங்க கடைக்கு வர்றவங்க எல்லாரும் காந்தத்தோடதான் வராங்க. இந்தக் கார் உடம்பும் அதேதான்.”

சமையல் பாத்திரத்துக்கு ஆன்மா கிடையாது, அதனால் அந்தக் கணக்கு இதற்குப் பொருந்தாது என்று காந்தானந்தர் காலைத் தேய்த்துக்கொண்டே சமாளித்தார். அவள் அவரிடம் வாதாடவில்லை. மாமனார் பக்கம் திரும்பினாள்.

“மாமா, டேப் வெச்சிருக்கீங்கல்ல? ஒவ்வொரு கொப்புளத்துலேர்ந்தும் பக்கத்துத் தகடு எவ்வளவு தூரம்னு அளந்து சொல்லுங்க. நீங்க சொன்னா நான் ஒத்துக்கறேன்.”

அளந்து சொல் என்று கேட்டால் அளக்காமல் இருக்க அவருக்குத் தெரியாது. சட்டைப்பையிலிருந்து டேப் வந்தது. குனிந்தார்; பல வருஷங்களுக்குப் பிறகு அந்த முதுகு குனிவதை அன்றுதான் ஊர் பார்த்தது. நான்கு சென்டிமீட்டர். மூன்று சென்டிமீட்டர். மறுபடியும் நான்கு. கொப்புளம் எல்லாம் தகட்டை ஒட்டியே. மேற்கூரையில் தகடு இல்லை, கொப்புளமும் இல்லை. பின்கதவுகள் கடையிலிருந்து வந்த அன்று போல் பளபளத்தன.

“மேற்கூரைக்கு மட்டும் கண்ணு வைக்க மறந்துட்டேன் போல” என்றாள் மருமகள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அலுமினியப் பாத்திரத்தில் செம்பாலோ பித்தளையாலோ கைப்பிடி போட்டு, உப்புத் தண்ணீர் பட்டுக்கொண்டே இருந்தால், ஆணியைச் சுற்றி இதே வெள்ளைப் பொடிதான் பூக்கும் என்றும், மாதம் நாலு பாத்திரம் அப்படிக் கடைக்குத் திரும்பி வரும் என்றும் விளக்கினாள். ஐயாவின் சொந்த வேனில் ஏன் ஒரு தகடுகூட இல்லை என்றும் போகிற போக்கில் கேட்டாள். எல்லாத் தலைகளும் வேனைப் பார்த்துத் திரும்பின.

சர்வேயர் திரும்பவில்லை. அவர் டேப் முதல் கொப்புளத்தில், பித்தளைப் பலகையின் ஓரத்தில் நின்றிருந்தது. இந்தப் பலகையைக் காந்தானந்தர் போடவில்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம். மருமகளும் அந்தப் பக்கம் விரல் நீட்டவில்லை. வேண்டுமென்றேதான் விட்டு வைத்திருந்தாள் என்பது அவருக்குப் புரிந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

திருப்புளி கேட்டு வாங்கினார். நான்கு திருகாணிகளையும் தாமே கழற்றினார். பலகையின் அடியில் வெள்ளைப் பொடி ஒரு கை அளவுக்கு இருந்தது. அதை எல்லாரும் பார்க்கும்படி எடுத்துக் காட்டினார்.

“இதை முடுக்கினது நான். மன்னிப்பு கேக்க வேண்டியவனும் நான்தாம்மா. கேட்டுட்டேன்.”

காந்தானந்தர் மெல்லப் பின்னால் நகர்ந்து வேன் பக்கம் போகப் பார்த்தார். சர்வேயர் கீழே கிடந்த காந்தத்தை எடுத்து, போகிறவரை நிறுத்தி, அவர் நெற்றியில் பதமாக வைத்தார். கையை எடுத்தார். காந்தம் மூக்கில் உருண்டு கீழே விழுந்தது.

“அடடா,” என்றார் சர்வேயர். “நின்னுகிட்டே போயிட்டீங்களே ஐயா. வீட்டுக்குச் சொல்லி அனுப்பணுமா?”

கூட்டம் சிரித்த சிரிப்பில் மரக்கிடங்கின் தகரக் கூரை அதிர்ந்தது. வரிசையிலிருந்த பட்டறைக்காரர் ஒருவர், காந்தானந்தர் பழைய கார் தரகராக இருந்தபோதே பட்டி பூசிய இடத்தைக் காந்தம் வைத்துத்தான் கண்டுபிடிப்பார் என்று அப்போதுதான் நினைவுகூர்ந்தார். இத்தனை வாரமாக அவரும் வரிசையில்தான் நின்றார். அவருடைய லாரியில் ஏழு தகடு.

கார் பட்டறைக்குப் போனது. சுரண்டி, துளை அடைத்து, பிரைமர் பூசி, பெயின்ட் அடித்துத் திரும்பி வந்தது. துருப்பிடிக்காத இரும்பு என்று அப்பா சொன்னபோது, இரும்பாக இருந்தால் துருப்பிடிக்குமே என்று நாற்பது வருஷம் தமக்குத் தோன்றவில்லையே என்பதைச் சர்வேயர் மனைவியிடம் ஒப்புக்கொண்டார். மனைவி அதற்கும் சுவரைப் பார்த்துத்தான் சிரித்தாள். முன் இருக்கையில் மருமகள் ஏறிக்கொண்டாள். முன்மூடியில் பெயர் இல்லை. குடும்பம் முழுவதும் உள்ளே இருந்தது.

மரக்கிடங்கில் இப்போது வரிசை இல்லை. வேறொரு தெருவில், டயரின் காற்றை முகர்ந்து எதிர்காலம் சொல்பவர் ஒருவர் வந்திருக்கிறாராம். போகிறவர்கள் போகலாம். காரில் துளை போட்டால் பட்டறையில் அடைத்துக்கொள்ளலாம். தலையில் துளை போட ஒருவன் திருப்புளியோடு வரும்போது, குனிந்து காட்டாமல் இருக்கவாவது யோசியுங்கள்.