விசில் எண்ண ஒரு மெஷின்

இனிமேல் இந்த வீட்டில் குக்கர் விசிலை நான் எண்ணுவதில்லை!

எண்பத்தாறாம் வருஷம் இப்படி ஒரு சபதம் போட்டேன். போடாமல் என்ன செய்ய? பகலெல்லாம் மில்லில் ஃபிட்டர் வேலை. சாயங்காலம் முதலியார்பேட்டையிலிருந்து லாஸ்பேட்டைக்கு சைக்கிள் மிதித்து இன்ஜினியரிங் டிப்ளமோ. பாஸானால் சூப்பர்வைசர். ஃபெயிலானால் சாகிறவரை ஸ்பேனர். நாற்பது வயதில் சென்சார், புரோகிராம் என்று மண்டையைக் கசக்கிக்கொண்டிருந்தால், பக்கத்து வீட்டு சுலோசனாவிடம் அரட்டைக்குப் போன என் மனைவி லூர்துசெல்வி அங்கிருந்தே கத்துகிறாள்.

"என்னங்க! எத்தன விசில் வந்துது?"

"படிச்சிக்கிட்டிருக்கேன்!"

"காதாலயா படிக்கிறீங்க? காது சும்மாத்தான இருக்குது?"

அன்று சோறு குழைந்து களியானது. திட்டு எனக்கு. எனக்கு வந்ததே கோபம்!

"இதோ பாரு லூர்து. விசில எண்ண ஒரு மெஷின் செய்யறேன். அதான் என் பிராஜெக்ட். அதுக்கப்புறம் அடுப்படிக்குக் கூப்ட்டே, கெட்ட கோவம் வரும்!"

"செய்ங்க. அது ஒழுங்கா எண்ணுச்சுன்னா நான் ஏன் கூப்புடறேன்?"

காலேஜ் லேபில் கெஞ்சி ஒரு மைக்ரோபிராசசர் கிட், அதாவது ஒற்றைப் பலகைக் குட்டிக் கம்ப்யூட்டர், வாங்கிவந்தேன். தெர்மிஸ்டர் என்று மிளகு அளவில் ஒன்று உண்டு. சூடு பட்டால் அதில் மின்சாரம் கூடுதலாக ஓடும். அதை விசிலுக்கு நேரே கட்டினேன். ஆவி அடித்தால் ஒன்று கூட்டு, மூன்றானால் மணி அடி. இவ்வளவுதான் புரோகிராம்.

முதல் விசில் 'உஸ்' என்றதுமே மணி அடித்தது. அன்று அரிசியைக் கடித்துத்தான் தின்றோம்.

அந்தப் பாழாய்ப்போன மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரம் தடவை பார்க்கிறது. ஒரே ஆவியை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தொலைத்துவிட்டது. ஆவி அடங்கிய பிறகுதான் அடுத்ததை எண்ணு என்று அதற்குச் சொல்ல வேண்டும். சொன்னேன். கரண்ட் போனது. மெஷின் அத்தனையும் மறந்தது. மறுபடி முழு புரோகிராமையும் ஒவ்வொரு எண்ணாகத் தட்டினேன். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடையே வலித்தது.

கடைசியில் சோறு பதமாக இறங்கியது. துள்ளிக் குதித்தேன்.

"சோறு சரிங்க. பருப்பு?"

"பருப்புக்கும் இதேதான்!"

"பருப்பு பொங்கும், விசில்ல நொர தள்ளும். அது உங்க மிளகுக்குத் தெரியுமா? பரீட்சைக்கு வர்றவரு பருப்ப வெச்சுக் காட்டுன்னா?"

பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கேள்வி நியாயம். பருப்பு வைத்தேன். அப்புறம் கொண்டைக்கடலை. அப்புறம் உருளைக்கிழங்கு, மாட்டுக்கறி.

"கறிக்கு எத்தன விசில்?"

"அஞ்சு. தண்ணி கூடுனா கணக்கு மாறிடும், நீங்களே அளந்து ஊத்துங்க. துண்டு பெரிசானாலும் மாறும், நீங்களே நறுக்குங்க."

கட்டிலில் படுத்தபடி அவள் சொல்வாள். அடுப்படியில் வியர்த்து வழிந்தபடி நான் செய்வேன். மெஷின் மேல் ஆத்திரம், மிளகு மேல் ஆத்திரம், கரண்ட் ஆபீஸ் மேல் ஆத்திரம். அவள் மேல் மட்டும் கோபம் வரவில்லை. புருஷன் படிப்பில் எவ்வளவு அக்கறை!

பரீட்சை நடந்தது. மணி சரியாக அடித்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"லூர்து! பாஸ்!"

"மாதாவே, நல்ல காலம்! மெஷின் எங்க?"

அப்போதுதான் உறைத்தது.

"அது லேப் சொத்து. திருப்பிக் குடுத்துட்டேன். அதுக்காக என்ன மறுபடி விசில் எண்ணச் சொன்னே, நடக்கறதே வேற!"

"எதுக்குக் கத்தறீங்க?" என்று செருப்பை மாட்டினாள். "நான் எண்ணவே சொல்லல. தண்ணி அளவு, துண்டு, விசில் எல்லாந்தான் இப்ப உங்களுக்கு அத்துப்படியாச்சே. கறி கூடையில இருக்குது. தங்கச்சி வீடு வரைக்கும் போய்ட்டு, சாப்புட வந்துடறேன்."