அறை எண் நான்கில் சுத்தமான காற்று

நெருப்பைக் கண்டுபிடித்த நாள் முதல் மனிதகுலம் புகையோடு போராடி வருகிறது. அந்தப் போராட்டத்தில் மனிதகுலம் வென்றது 2003-ஆம் ஆண்டு, தெலுங்கு தேசத்து ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில், எங்கள் 'வட்டாரக் காற்றுத் தூய்மை முகமை'யின் முதல் மாடியில், அறை எண் நான்கில். அங்கே நான் இளநிலை உதவியாளன் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

முன்பெல்லாம் காற்றை அளக்கும் இயந்திரம் மொட்டை மாடியில் நின்றது. காலையில் அதற்குள் வெள்ளைத் தாள் வைப்போம். மறுநாள் எடுத்தால் தாள் தோசைக்கல் நிறத்தில் இருக்கும். சுற்றிலும் பதினேழு புகைபோக்கிகள். ஒருநாள் புகையடைத்து இயந்திரமே நின்றுவிட்டது.

இயக்குநர் சக்ரபாணி, கும்பகோணத்துக்காரர், அவசரக் கூட்டம் கூட்டினார்.

"இரும்பாலே பண்ணின மெஷினுக்கே இந்தக் கதின்னா..." என்று நிறுத்தினார். எனக்கு மெய்சிலிர்த்தது. மக்களைப் பற்றிப் பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

"...அதைப் புகையிலே விட்டுவெச்சது நம்ம தப்புய்யா" என்று முடித்தார்.

இயந்திரம் அறை எண் நான்குக்குக் குடிவந்தது. ஏ.சி., கண்ணாடிக் கதவு, வாசலில் செருப்பு கழற்ற ஒரு மிதியடி. ஒரே மாதத்தில் காற்று மாசு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அமீர்பேட்டில் மூன்று மாதம் படித்த கம்ப்யூட்டர் அறிவையெல்லாம் கொட்டி நான் வண்ண வரைபடம் போட்டேன். தேசிய விருதுக்கு விண்ணப்பித்தோம்.

இந்தச் சாதனையை முதலில் நம்பியவர் அலுவலகம் பெருக்கும் அன்னக்கிளி. தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்காக இங்கு வந்த தமிழ்க் குடும்பம். அவர் மகள் மைதிலிக்கு ஏழு வயது, ஓயாத இளைப்பு. ஒருநாள் மூச்சு வாங்குகிறது என்று பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்னக்கிளி அவளை அறை எண் நான்கில் உட்காரவைத்தார். ஒரு மணி நேரத்தில் இளைப்பு அடங்கிவிட்டது.

"அங்கிள், இக்கட பாகுந்தி" என்றாள் என்னிடம், தெலுங்கில். இங்கே நன்றாக இருக்கிறதாம். எங்கள் முகமைக்குப் பொதுமக்கள் கொடுத்த முதல் நற்சான்று அது.

"டாக்டர் குடுத்த மருந்துகூட இப்டி கேக்கல சார். தெனம் ஸ்கூல் விட்டு ரெண்டு மணி நேரம் ஒக்காரட்டும். ஹவ் சொல்லுங்க" என்று இந்த ஊர் உருதுவைக் கலந்து 'ஆம்' கேட்டுக் கெஞ்சினார் அன்னக்கிளி. நானும் சரி என்றேன்.

அடுத்த வாரம் தாள் லேசாகக் கறுத்தது. விருதுக் குழு வர நான்கே நாள். விசாரணை தொடங்கியது.

"எப்படிய்யா ஏறித்து?"

"கதவு தொறக்கும்போது வெளிக்காத்து உள்ள வருது சார்."

"யார் தொறக்கறா?"

தயங்கித்தான் சொன்னேன். "மைதிலி. அன்னக்கிளி மவ."

சக்ரபாணி முகத்தில் ஒளி பரவியது. "எழுதிக்கோ. மாசின் மூலம் கண்டறியப்பட்டது."

முகமை பிறந்து ஐந்தாண்டுகளில் வெளியிட்ட முதல் நோட்டீஸ் அது. நான்தான் டைப் செய்தேன். 'மாசு உண்டாக்குபவர்: மைதிலி, இரண்டாம் வகுப்பு.' அன்னக்கிளியிடம் படித்தும் காட்டினேன்.

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "வெளிய அத்தன கொழா பொகைய கக்குது, அதுக்கெல்லாம் நோட்டீஸ் நக்கோ. எம்பொண்ணுக்கு மட்டும் கைக்கு, எதுக்கு சார்?"

"அதெல்லாம் வெளியிலே இருக்கும்மா" என்றார் சக்ரபாணி பொறுமையாக. "நாம அளக்கறது இந்த ரூமைத்தானே."

மைதிலி நோட்டுப்புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு, மிதியடியில் நின்று செருப்பை மாட்டினாள். படியிறங்கும்போதே இருமத் தொடங்கிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் தாள் மல்லிகைப்பூவாக வெளுத்திருந்தது. விருதும் கிடைத்தது. மேடையில் தொகுப்பாளர் கேட்டார்: "காற்று மாசைக் குறைக்க நீங்கள் எடுத்த நடவடிக்கை என்ன?"

சக்ரபாணி என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் புரட்டினேன். ஐந்தாண்டுக் கோப்பில் நடவடிக்கை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது: மூச்சு வாங்கிய ஒரு குழந்தையை வெளியேற்றியது.