சந்தனம் பூசிய போன்

இந்த முறை சசீந்திரன் தோற்பதாக இல்லை. எட்டு வயது மகள் மாளுவுக்கு டேப்லெட்டில் படம் ஓடினால்தான் சோறு இறங்கும். கெஞ்சிப் பார்த்தான், மிரட்டிப் பார்த்தான், ஒளித்தும் வைத்துப் பார்த்தான். ஒளித்த இடம் அவனுக்கே மறந்துபோக, மாளுதான் தேடி எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்று அவனுக்கு நிஜமாகவே பயம் பிடித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து துர்காஷ்டமி வந்தது. கேரளத்து இரிஞ்ஞாலக்குடாவில் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வீடு புத்தகமும் தொழில் கருவியும் சரஸ்வதி முன்னால் பூஜைக்கு ஏறும். விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. பாடமே டேப்லெட்டில்தான் வருகிறது, ஆகவே அதுவும் புத்தகம்தான் என்று நியாயம் கண்டுபிடித்தான் சசீந்திரன். கையோடு சட்டமும் போட்டான். நடுவில் யார் தொட்டாலும் சரி, தொட்டவர் சாமான் இனி தினமும் சாயங்காலம் அலமாரிக்குள் போகும். சாவி அடுத்தவர் கையில்.

மாளு அழுது புரள்வாள் என்று காத்திருந்தான். அவளோ டேப்லெட்டைத் துடைத்துப் புத்தகங்களின் மேல் வைத்துவிட்டு, "அச்சனோட கருவி எங்க?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அவன் நிலத் தரகன். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான்.

"அதுல மை தீர்ந்து ரெண்டு ஓணம் ஆச்சு," என்றாள் மனைவி லதிகா. "சசியேட்டன் நிலம் விக்கிறது எதை வச்சு? சரஸ்வதி முன்னாடி பொய் வேண்டாம்."

பூஜை நாளில் நிலம் பேச எவனும் கூப்பிட மாட்டான். மறுக்க வழியில்லை. போன் பட்டுத்துணிக்குள் போயிற்று.

மறுநாள் மாளு பூனையைத் துரத்தினாள், பசியோடு வந்தாள், சாம்பார் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். திட்டம் பலித்துவிட்டது. அதைப் பார்த்து மகிழத்தான் சசீந்திரனுக்கு மனம் இல்லை. கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. தேங்காயெண்ணெய் பாட்டில் மேல் ஒட்டியிருந்ததையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்தான். குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் சேர்ந்து தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று சந்தேகம் வந்தது.

மதியம் லதிகா மாளுவையும் கூட்டிக்கொண்டு பாயசத் தூக்கோடு கிளம்பினாள். "பக்கத்து வீட்டு ரமணிச்சேச்சிக்குக் குடுத்துட்டு வரோம். வெளக்கு அணையாம பாத்துக்கோங்க."

வாசல் கதவு சாத்தியதும் அவன் விளக்கைப் பார்க்கப் போனான். பூஜையறையில் அந்த ஒற்றை விளக்கைத் தவிர வெளிச்சமில்லை. பட்டுத்துணியை விலக்கி, டேப்லெட்டுக்கு அடியிலிருந்து போனை உருவினான். பாழாய்ப்போன குழுவில் தாமரைப்பூ போட்ட காலை வணக்கங்கள்தான் வந்திருந்தன. இதற்காகவா இத்தனை பாடு என்று வெறுப்போடு திரும்ப வைத்தான். ஒரு மடிப்புக் கலையவில்லை. வெளியே வந்து மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

திரும்பி வந்த லதிகா அவன் முகத்தையே பார்த்தாள்.

"வெளக்கு எரியுதா?"

"ஜம்முனு எரியுது."

"கிட்ட போனீங்களா?"

"நான் எதுக்குப் போறேன்? வாசல்லயே நின்னு பாத்தேன்."

"அப்போ மீசையில சந்தனம் எங்கேர்ந்து வந்துச்சு?"

அவன் உள்ளங்கையைப் பார்த்தான். அங்கேயும் இருந்தது.

"புத்தகத்துக்கெல்லாம் பூ மட்டும்தான் போட்டேன்," என்றாள் லதிகா. "சந்தனம் உங்க போனுக்கு மட்டும், அதுவும் பின்பக்கம். கெளம்பறப்பதான் கொழைச்சுத் தடவினேன்."

இந்த ஏற்பாடே மாளுவுக்காகத்தான் என்று அவன் முனகினான்.

"தெரியும். அவதான் தொடவே இல்லையே."

அலமாரிச் சாவி மாளுவின் கைக்குப் போனது.

விஜயதசமி காலையில் புத்தகங்களை எடுத்ததும் வழக்கம்போல் தட்டில் அரிசியைப் பரப்பி எல்லாரும் விரலால் எழுத உட்கார்ந்தார்கள். முதலெழுத்து எழுதும் குழந்தைக்குப் பெரியவர்கள் விரலைப் பிடித்துக் கொடுப்பார்களே, அதே மாதிரி மாளு அப்பாவின் விரலைப் பிடித்து, 'சாப்பிடும்போது போன் கிடையாது' என்று அழுத்தி எழுத வைத்தாள். சசீந்திரனுக்குக் கண் கரித்தது.

"அழக்கூடாது அச்சா," என்றாள் மாளு. "மொத நாள் அப்படித்தான் இருக்கும்."