சாவி என் இடுப்பில்

"பாத்துவக் காணோம் சார்" என்று ஒன்றாம் வகுப்பு சங்கரி டீச்சர் வந்து நின்றபோது, தலைமையாசிரியர் குமரகுருபரன் வாய்க்கால் ரோட்டு பாவா கடையில் டீ குடித்துவிட்டு அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்திருந்தார். குடித்த டீ முழுக்கக் கோபமாக மாறியது.

அந்த வகுப்புப் பிள்ளை பாத்து பேச மாட்டாள், ஓடுவாள். தண்ணீரைக் கண்டால் அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். பாபநாசத்தில் அணை திறந்து, வாய்க்கால் கரை தொட்டு ஓடுகிற சமயம். படித்துறையின் கடைசிப் படியில் வைத்துப் பிடித்து, காவலாளி வன்னியராஜ் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கேட்டத் தொறந்து போட்டுட்டு என்னவே செஞ்சீரு?"

"சாத்தித்தான் சார் இருந்துச்சு."

"சாத்துனா ஆச்சா? பூட்டணும்வே."

அன்று மாலையே பெரிய பூட்டு வந்தது. யாரையும் நம்பாமல் சாவியைத் தானே இடுப்பில் சொருகிக்கொண்டார். மறுநாள் சத்துணவு முட்டை வண்டி கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றது. அதன் பக்கத்தில் பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரியும் நின்றார். உள்ளே வந்ததும் அவர் விட்ட டோஸில் குமரகுருபரனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஆத்திரம் வந்தால் அவருக்கு டீ குடித்தே ஆக வேண்டும். குடித்துவிட்டு வந்தால், பாத்துவைக் காணோம். பூட்டு பூட்டியபடியே தொங்கியது.

"எப்படிவே போனா? பறந்தா போனா?"

"நான் கேட்ட விட்டு நகரவே இல்ல சார்."

அம்மன் கொடைக்கு ஆடுகிற கணியானிடம் சலங்கை மணிகளைக் கேட்டு வாங்கி, பாத்துவின் காலில் கட்டினார். ஓடினால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடுமல்லவா? ஒன்றாம் வகுப்பு மொத்தமும் தங்களுக்கும் வேண்டுமென்று அழுது புரண்டது. மறுநாள் அத்தனை பிள்ளைகளும் சலங்கையும் கொலுசுமாக வந்து இறங்கினார்கள். பள்ளிக்கூடம் கொடை விழாப் பந்தலாகிப் போனது. எந்தச் சத்தம் பாத்து, எந்தச் சத்தம் பக்கத்துப் பெஞ்சு என்று யாருக்கும் விளங்கவில்லை.

குமரகுருபரன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு டீக்குப் போனார். திரும்பி வந்தால், பாத்துவைக் காணோம்.

இந்த முறை பிள்ளை இடுப்பளவு நனைந்திருந்தாள். விஷயம் கேள்விப்பட்டு அவளுடைய உம்மா முஃபீதா வேகுவேகென்று வந்துவிட்டாள். ஈரத்தோடு சங்கரி டீச்சர் மடியில் கிடந்த மகளின் கால்களை முந்தானையால் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பூட்டுனிய. மாட்டுக்குக் கெட்டுத மாதிரி மணியும் கெட்டுனிய. புள்ள எப்படி வெளிய போச்சுன்னு யாராவது பாத்தியளா?"

"நான் என்னம்மா செய்ய? சாவி என் இடுப்புல இருக்கு. உங்க பிள்ள ஓடுனா பள்ளிக்கூடமா பொறுப்பு? நாளையிலருந்து கூட்டிட்டு வராதீங்க. டீ.சி. தாரேன்."

"இதத்தான் சார் எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் சொன்னாவ. இங்கயும் தள்ளிட்டியன்னா அவளுக்கு அந்த வாய்க்கால்தான் மிச்சம்."

அவள் குரல் உடைந்தது. அது அவருக்கு உறுத்தியது. உறுத்தியதால் கோபம் இன்னும் கூடியது.

"ஒத்தப் பிள்ளைக்காவ நான் கேட்டுலயே குடியிருக்க முடியாது" என்று எழுந்தார். இப்போது டீ இல்லாமல் ஆகாது.

பெரிய பூட்டைத் திறந்து பூட்ட அவருக்கு என்றைக்குப் பொறுமை இருந்தது? சமையல்கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு உண்டு. பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் கொண்டி. எப்போதும்போல அதை எடுத்துவிட்டு, கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு, விறுவிறுவென்று நடந்தார்.

"பதில் சொல்லிட்டுப் போங்க சார்" என்று முஃபீதா பின்னாலேயே வந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எப்போதும் திரும்பிப் பார்க்கிறவர் இல்லை.

கடை பெஞ்சில் உட்கார்ந்து, வழக்கம்போல் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பாவா டீயை ஆற்றிக்கொண்டே, மூச்சிரைக்க வந்து நின்ற முஃபீதாவைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார்வாள், இன்னைக்கு உம்மாவ மட்டும் கூட்டிட்டு வந்திருக்கிய? தெனம் உங்க பின்னாலயே வாய்க்கால் பாக்க வருமே, அந்தப் புள்ளய எங்க?"